வலது மூலையில் சிவப்புப் பெட்டி: வீட்டு லேப்டாப்பில் வைரஸா, வேற ஏதாவதா?

கொய்யாமரம் | சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) | வியாழன் இரவு 8:47

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு லேப்டாப்பில் ஒரு தொல்லை. திரையோட வலது பக்கக் கீழ்மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்க்குது. "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள், பாதுகாப்பு இன்றோடு முடிகிறது, உடனே புதுப்பியுங்கள்"னு இங்கிலீஷில் மிரட்டல். மூடினா பத்து நிமிஷத்தில் மறுபடியும் வருது. பேர் தெரிஞ்ச ஆன்டிவைரஸ் கம்பெனியோட படம் போட்டிருக்கு. நாங்க அதை வாங்கினதே கிடையாது.

இந்த ஒரு லேப்டாப்பைத்தான் வீட்டில் எல்லாரும் புழங்குறோம். மாமனார் கோயில் கமிட்டிச் செயலாளர், தைப்பூசக் காவடி வரவு செலவெல்லாம் இதில்தான். மனைவிக்கு ஃபேஸ்புக்கும் பேங்க்கும். பையனுக்கு 13 வயசு, ஃபுட்பால் கேம்.

நேத்து மாமனார் பயந்துபோய் அந்தப் பெட்டியை அழுத்தி, கார்டு நம்பர் வரைக்கும் போட்டுட்டார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய் ரவுட்டர் அணைஞ்சுபோச்சு. எங்க தெருவில் கேபிளை அறுத்துட்டுப் போற புண்ணியவான்களுக்கு முதல் தடவையா நன்றி சொன்னேன்.

இது வைரஸ்தானா? என்ன செய்யணும்?

திருப்புளி | ஃபீனிக்ஸ் | வியாழன் இரவு 9:05

அந்தப் பெட்டி வைரஸ் இல்லை. விளம்பரம். ஏதோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பலாமா?"னு கேட்டிருக்கும், வீட்டில் யாரோ "சரி"ன்னு அழுத்தியிருப்பாங்க. கிரிக்கெட் ஓசியில் காட்டுற தளம், சீரியல் தளம், "நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிக்க அனுமதி கொடுங்க"ன்னு ஏமாத்துற தளம், இப்படி எதுவா வேணா இருக்கும்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதிச்ச தளங்களோட பட்டியல் இருக்கும். பேர் தெரியாததை எல்லாம் தூக்குங்க. பெட்டியை நல்லா உத்துப் பார்த்தா அடியில் பொடி எழுத்தில் தளத்தோட பேரே போட்டிருக்கும்.

எங்க கடைக்கு வர்ற "வைரஸ்"ல பாதி இதுதான். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதுக்கு யாரும் எங்கேயும் காசு கொடுத்துடாதீங்க. கார்டு நம்பரைப் பாதி போட்டிருந்தாலும் பேங்க்குக்கு ஒரு ஃபோன் போட்டு அந்தக் கார்டை நிறுத்திடுங்க.

சரக்குக்கப்பல் | டர்பன் | வியாழன் இரவு 9:31

நல்ல பெய்ட் ஆன்டிவைரஸ் ஒண்ணு வாங்கிப் போடுங்க, பிரச்சினை தீர்ந்தது. ஓசியில் வர்றது ஓசி மாதிரிதான் வேலை செய்யும்.

திருப்புளி | ஃபீனிக்ஸ் | வியாழன் இரவு 9:40

கப்பல் அண்ணே, விண்டோஸ்கூடவே வர்ற டிஃபெண்டர் இப்போ பழைய டிஃபெண்டர் இல்லை. வீட்டுக்கு அது தாராளம். அப்டேட் மட்டும் ஒழுங்கா போகணும்.

கொய்யாமரம் | சாட்ஸ்வொர்த் | வியாழன் இரவு 10:22

திருப்புளி அண்ணே, நன்றி. பட்டியலில் மூணு தளம் இருந்தது. தூக்கினேன், பெட்டி போயிடுச்சு. கார்டையும் நிறுத்தியாச்சு.

ஆனா இப்போ மனைவி இன்னொண்ணு சொல்றா. நேத்து விடியக்காலை 2 மணிக்கு அவ ஃபேஸ்புக்கிலிருந்து எல்லா சிநேகிதிகளுக்கும் "ஆயிரம் ராண்ட் போட்டேன், எட்டாயிரம் வந்தது"ன்னு மெசேஜ் போயிருக்கு. அப்போ அவ நல்லா தூங்கிட்டிருந்தா. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, ஃபோனுக்குக் கோட் வர்ற மாதிரியும் போட்டிருக்கோம். கோட் எதுவும் வரவே இல்லை.

திருப்புளி | ஃபீனிக்ஸ் | வியாழன் இரவு 10:30

ஐயோ. அப்போ கதை வேற. அந்தப் பெட்டி சும்மா கூச்சல்தான், உள்ளே சத்தமில்லாம வேற எவனோ வேலை பார்த்திருக்கான்.

ஒண்ணு பாருங்க. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ். அடியில் எக்ஸ்க்ளூஷன்ஸ்னு இருக்கும். அதாவது "இந்த இடத்தையெல்லாம் சோதிக்காதே"ன்னு டிஃபெண்டருக்குக் கொடுத்த பட்டியல். சாதாரணமா அது காலியா இருக்கணும். என்ன இருக்குன்னு அப்படியே எழுதுங்க.

கொய்யாமரம் | சாட்ஸ்வொர்த் | வியாழன் இரவு 10:41

காலியா இல்லை. ஒரே ஒரு வரி இருக்கு. சி டிரைவ். மொத்த சி டிரைவும்.

திருப்புளி | ஃபீனிக்ஸ் | வியாழன் இரவு 10:43

வைஃபையை இப்பவே அணைங்க. ஃபோனிலிருந்து பேசுங்க.

கொய்யாமரம் | சாட்ஸ்வொர்த் | வியாழன் இரவு 10:50

அணைச்சாச்சு. என்ன அர்த்தம் இதுக்கு?

திருப்புளி | ஃபீனிக்ஸ் | வியாழன் இரவு 11:14

வாசல்ல காவல்காரனை வெச்சிருக்கீங்க. எவனோ அவன் காதில், "இந்த வீட்டுக்குள்ள எது நடந்தாலும் கண்டுக்காதே"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிட்டே இருக்கும், ஆனா எதையும் பார்க்காது. அட்மின் உரிமையோட ஒரு புரோகிராம் ஓடினா அதால இதைச் செய்ய முடியும். நீல நிறப் பெட்டி "இந்த ஆப் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீங்களா?"ன்னு கேட்டிருக்கும். யாரோ "யெஸ்".

ஃபேஸ்புக் கதையைக் கேட்டா இது திருட்டு வகைன்னு தோணுது. ரெட்லைன், லும்மான்னு பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. இந்த ரகமெல்லாம் எதையும் கெடுக்காது, பூட்டாது. பிரவுசரில் சேமிச்ச பாஸ்வேர்டையும் குக்கியையும் மொத்தமா அள்ளி அனுப்பிடும், பல நேரம் ஓரிரு நிமிஷத்துக்குள்ள.

கோட் ஏன் வரலைன்னு கேட்டீங்களே. கிங்ஸ்மீடில் மேட்ச் பார்க்கப் போறீங்க. டிக்கெட்டைக் காட்டினதும் கையில் ஒரு பட்டை கட்டி விடுறாங்க. அப்புறம் வெளியே போய்ட்டு வந்தாலும் பட்டையைக் காட்டினா போதும், டிக்கெட் கேட்க மாட்டாங்க. பாஸ்வேர்டும் கோடும் டிக்கெட். குக்கிதான் அந்தப் பட்டை. திருடன் பட்டையைக் கழட்டித் தன் கையில் போட்டுக்கிட்டான். அதனால பாஸ்வேர்டை மாத்தினா மட்டும் பத்தாது, "எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேறு"ன்னு ஒரு பொத்தான் இருக்கும், அதையும் அழுத்தணும்.

வேற சுத்தமான ஃபோனிலிருந்து, இந்த வரிசையில்: முதல்ல ஈமெயில். ஏன்னா மத்த எல்லாக் கணக்கோட சாவியும் அங்கேதான் வந்து விழும். அடுத்து பேங்க். அப்புறம் ஃபேஸ்புக், மத்தது. லேப்டாப்பில் உட்கார்ந்து மாத்தினீங்கன்னா புதுசையும் அவனுக்கே எழுதிக் கொடுத்த மாதிரி.

சரக்குக்கப்பல் | டர்பன் | வெள்ளி காலை 6:20

ராத்திரி முழுக்க எழுதியிருக்கீங்க போல. சரி, ஸ்கேன் ஒண்ணு போட்டுச் சுத்தம் பண்ணிடலாமே? சாதாரண வீட்டு லேப்டாப்பை எவன் குறிவைக்கப் போறான்?

பனங்கொட்டை | ஜோஹனஸ்பர்க் | வெள்ளி காலை 7:02

அண்ணை, ஒருத்தரும் குறிவைக்கிறதில்லை. வலையை வீசுறது, ஆர் மாட்டினாலும் சரி. என்ர தம்பிக்கு நடந்ததைச் சொல்லுறன்.

அவன் காசு குடுக்காமல் ஒரு படம் எடிட் பண்ணுற மென்பொருள் தேடினவன். கிராக் எண்டு ஒரு ஜிப் ஃபைல் வந்தது. அதுக்கு ஒரு பாஸ்வேர்டு, 1234. ஏன் பாஸ்வேர்டு போட்டுக் குடுக்கிறாங்கள் எண்டு அவன் யோசிக்கேல்லை. பூட்டின ஜிப்புக்குள்ள என்ன கிடக்கு எண்டு ஸ்கேனருக்குத் தெரியாது, அதுதான் காரணம். "முதல்ல ஆன்டிவைரஸை நிப்பாட்டுங்கோ" எண்டும் எழுதியிருந்தது. நிப்பாட்டினான். விடியப் பார்த்தால் ஒவ்வொரு ஃபைலுக்குப் பின்னாலயும் நாலு எழுத்து வால் ஒண்டு முளைச்சிருக்கு, ஒண்டும் திறக்காது. டெஸ்க்டாப்பில ஒரு கடிதம்: 980 டாலர், 72 மணித்தியாலத்துக்குள்ள எண்டால் 490. பிறகு தேடிப் பார்த்தால் ஸ்டாப் டிஜேவு எண்ட ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டி வைச்சுக் காசு கேக்கிற வகை, உலகம் முழுக்க கிராக் தேடுற ஆக்களுக்கு இதே கடிதம்தான், இதே விலைதான்.

காசு குடுக்கேல்லை. 2016இல நெதர்லாந்து பொலிசும் யூரோபோலும் வேற சில கம்பெனிகளும் சேர்ந்து தொடங்கின "நோ மோர் ரான்சம்" எண்டு ஒரு தளம் இருக்கு, சில வகைக்கு அங்க இலவசமாகத் திறப்பு கிடைக்கும். இவன்ர வகைக்குக் கிடைக்கேல்லை. அம்மாவின்ர கடைசிப் பிறந்தநாள் வீடியோ அதுக்குள்ளதான் கிடக்கு. இன்னும் அழிக்காமல் வைச்சிருக்கிறான், ஒருநாள் திறப்பு வரும் எண்டு.

பேக்கப் டிஸ்க்கும் இருந்தது. ஆனால் அதைக் கழட்டாமல் குத்தினபடியே வைச்சிருந்தவன். அதையும் சேர்த்துத்தான் பூட்டினது.

கரும்புத்தோட்டம் | டொங்காட் | வெள்ளி காலை 7:45

பனங்கொட்டை தம்பி, படிக்கவே மனது கனக்கிறது.

கொய்யாமரம் ஐயா, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மாமனாரின் கோயில் மின்னஞ்சலும் அந்தக் கணினியில்தான் இருந்ததா? அப்படியானால் பந்தல், ஒலிபெருக்கி, பூ என்று யாருக்கெல்லாம் பணம் அனுப்ப வேண்டியிருக்கிறதோ, அனுப்புவதற்கு முன் அவர்களிடம் தொலைபேசியில் கணக்கு எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று மாலையில் எழுதுகிறேன், பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

கொய்யாமரம் | சாட்ஸ்வொர்த் | வெள்ளி மாலை 4:10

எல்லாப் பாஸ்வேர்டும் மாத்தியாச்சு.

பையன்தான் காரணம்னு நேத்து ராத்திரியே தெரிஞ்சுபோச்சு. கேமுக்கு ஏதோ மோட் இறக்கினானாம். நல்லா திட்டி, ஃபோனையும் பிடுங்கி வெச்சுட்டேன். "நான் இல்லப்பா"ன்னு அழுதான். அழுதா விட்டுருவோமா?

திருப்புளி | ஃபீனிக்ஸ் | வெள்ளி மாலை 4:25

தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி ஒரு சாட்சியை விசாரிங்க. வைஃபை அணைஞ்சபடியே, லேப்டாப்பில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறங்க. புரோகிராம் ஃபைல் ஒவ்வொண்ணையும் ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ். உருவான தேதியும் மணியும் இருக்கும். எதையும் திறந்துடாதீங்க, பார்த்தா போதும்.

கொய்யாமரம் | சாட்ஸ்வொர்த் | வெள்ளி மாலை 5:38

எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

பையன் இறக்கின மோட் ரெண்டும் போன டிசம்பர் லீவுல வந்தது. ஃபேஸ்புக் மெசேஜ் போனது இந்தப் புதன் விடியக்காலை. அதுக்கு முந்தின நாள், செவ்வாய் காலை 10:40க்கு ஒரு ஃபைல் வந்திருக்கு. பேர் "இலவச தமிழ் டைப்பிங் செட்டப்". செவ்வாய் பத்து நாப்பதுக்குப் பையன் ஸ்கூல்ல இருந்தான், நானும் மனைவியும் வேலையில். வீட்டில் இருந்தது மாமா மட்டும்தான்.

கேட்டேன். காவடி நோட்டீஸை இந்த வருஷம் தமிழிலும் போடணும்னு கூகுளில் தேடியிருக்கார். முதல்ல வந்ததையே அழுத்தியிருக்கார். "யெஸ்"ஸும் அவர்தான். பாவம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அறுபது வயசுக்கு மேல தமிழ் எழுதக் கத்துக்கிட்டவர். முகம் சுருங்கிப் போச்சு.

பையன்கிட்ட ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிட்டு ஒண்ணும் சொல்லாம ரூமுக்குப் போயிட்டான்.

கரும்புத்தோட்டம் | டொங்காட் | வெள்ளி மாலை 6:30

உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள், இது அவர் தவறு மட்டும் அல்ல. தேடல் முடிவில் முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்து வைத்த விளம்பரம். திருடர்களும் அந்த இடத்தை வாங்குகிறார்கள். "ஸ்பான்சர்டு" என்று சின்னதாக எழுதியிருக்கும், அறுபது வயதுக் கண்ணுக்கு அது தெரியாது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் எழுத்துரு தேடப் போய் இதே போல் மாட்டியிருக்கிறார்கள். தமிழுக்காகப் பாடுபடுகிறவர்களுக்கு இப்படியும் ஒரு சோதனை.

காலையில் சொன்ன விஷயம். 2019இல் ஜோஹனஸ்பர்க்கில் ஓர் அம்மையார் வீடு வாங்கினார். முன்பணம் கட்டும்போது கணக்கு எண்ணைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டார். மீதி 55 லட்சம் ராண்டுக்கு அப்படிச் செய்யவில்லை. அவருடைய மின்னஞ்சலுக்குள் நுழைந்திருந்தவன், வீட்டுப் பதிவைக் கவனித்த வழக்கறிஞர் அலுவலகத்தின் கடிதத்தில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிவிட்டான். பணம் போயிற்று. 2023இல் உயர் நீதிமன்றம் அந்த அலுவலகம் ஈடு செய்ய வேண்டும் என்றது. 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அவரே சரிபார்த்திருக்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். கோயில் பணத்துக்கு இப்படி ஒன்று நடந்தால் கமிட்டிக் கூட்டத்தில் யார் தலை உருளும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

கொய்யாமரம் | சாட்ஸ்வொர்த் | வெள்ளி இரவு 8:02

டீச்சர், கை நடுங்குது. ஃபோனில் கோயில் மெயிலைத் திறந்து பார்த்தோம். ஃபில்டர் ஒண்ணு போட்டு வெச்சிருக்கான். "இன்வாய்ஸ்", "பேங்க்" இந்த வார்த்தை வர்ற மெயிலெல்லாம் யாருக்கோ ஒரு பிரதி போகுது. நாங்க போடலை.

நேத்து பந்தல்காரர்கிட்ட இருந்து "எங்க பேங்க் மாறிடுச்சு, புதுக் கணக்கில் போடுங்க"ன்னு மெயில். 42 ஆயிரம் ராண்ட். மாமா திங்கள்கிழமை கட்டுறதா இருந்தார். இப்போ ஃபோன் பண்ணினா பந்தல்காரர் சிரிக்கிறார், "முப்பது வருஷமா அதே பேங்க்தான் ஐயா, எனக்கு எங்க நேரம் மாத்த?"

திருப்புளி | ஃபீனிக்ஸ் | வெள்ளி இரவு 8:15

தப்பிச்சீங்க. ஃபில்டரை அழிங்க. ஃபார்வர்டிங்னு தனியா ஒரு பக்கம் இருக்கும், அதையும் பாருங்க. மீட்பு ஃபோன் நம்பர், மீட்பு மெயில் ரெண்டும் உங்களோடதுதானான்னு பாருங்க. பாஸ்வேர்டு மாத்தினாலும் இந்த ஃபில்டர் அப்படியே இருந்திருக்கும். பலரும் கோட்டை விடுறது இங்கேதான்.

கப்பல் அண்ணன் கேட்ட ஸ்கேன் விஷயம். டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு, விண்டோஸ் எழும்புறதுக்கு முன்னாடியே தேடும், நல்லதுதான். ஆனா காவல்காரனுக்கே கட்டளை போட்டவன் இன்னும் எந்த ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. என் ஓட்டு மொத்தமா அழிச்சு விண்டோஸைப் புதுசாப் போடுறதுக்கே. போட்டோ, வீடியோ, கணக்கு ஃபைல் மட்டும் எடுத்து வெச்சுக்கலாம். செட்டப் ஃபைல், ஷார்ட்கட் எதையும் தொடாதீங்க. விண்டோஸ் போடுற யூஎஸ்பியை வேற நல்ல கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே தயார் பண்ணணும். 8 ஜிபி ஸ்டிக் போதும். கடைக்கு வந்தா நானே போட்டுத் தர்றேன், ஒரு பன்னி சௌ (ரொட்டியைக் குடைஞ்சு குழம்பு ஊத்தித் தர்றது) வாங்கிக் கொடுங்க.

சரக்குக்கப்பல் | டர்பன் | சனி காலை 9:10

சரி, ஒத்துக்கிறேன். எனக்கு இது புரிஞ்சிருக்கணும். 2021 ஜூலை 22ல, துறைமுகங்களை நடத்துற டிரான்ஸ்நெட்டோட கம்ப்யூட்டர்களை ஹேக்கர்கள் தாக்கினப்போ நான் துறைமுகத்தில் கிளியரிங் வேலை. டர்பன் கண்டெய்னர் டெர்மினலே முடங்கி, எல்லாம் பேப்பரும் பேனாவுமா ஆயிடுச்சு. அது அவ்ளோ பெரிய நிறுவனம், நம்ம வீட்டுக்கு எதுக்குன்னு அப்பவே நினைச்சேன். வீட்டில் டேட்டா தீருதுன்னு விண்டோஸ் அப்டேட்டையே நிறுத்தி வெச்சிருக்கேன், ரெண்டு வருஷமா.

திருப்புளி | ஃபீனிக்ஸ் | சனி காலை 9:24

ரெண்டு வருஷமா!! அண்ணே, உலகம் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் காசு கேட்ட வான்னாக்ரை ஞாபகம் இருக்கா? அது நுழைஞ்ச விண்டோஸ் ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே கொடுத்துடுச்சு. வான்னாக்ரை வந்தது மே 12. நடுவில் ரெண்டு மாசம். போடாதவங்கதான் மாட்டினாங்க. இன்னைக்கே போடுங்க, டேட்டாவுக்கு எங்க கடை வைஃபை இருக்கு.

கொய்யாமரம் | சாட்ஸ்வொர்த் | சனி மதியம் 1:15

இன்னொரு சந்தேகம். எங்களோடது பழைய லேப்டாப், விண்டோஸ் 10. அதுக்கு ஆதரவே முடிஞ்சுபோச்சுன்னு பையன் சொல்றானே?

(அவன்தான் சொன்னான். பேச ஆரம்பிச்சுட்டான்.)

திருப்புளி | ஃபீனிக்ஸ் | சனி மதியம் 1:40

பையன் சொன்னது சரி. 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. ஆனா வீட்டுக்காரங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீட்டிச்சிருக்காங்க, பதிவு செய்யணும். அப்டேட் பக்கத்திலேயே அதுக்கு லிங்க் இருக்கும். விண்டோஸ் பதினொண்ணு உங்க மெஷினில் ஏறாது, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தினதுன்னா அவங்க கணக்கில் சேர்த்தி இல்லை. நீட்டிப்பு முடிஞ்சதும் விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போட்டுடலாம். மெயில், பேங்க், கணக்குக்கெல்லாம் அது போதும்.

புதுசாப் போட்டதும் ஆளுக்கொரு கணக்கு பிரிச்சு வைங்க. அட்மின் கணக்கு தனியா, அதோட பாஸ்வேர்டு உங்க ஒருத்தர்கிட்ட மட்டும். பையன், மனைவி, மாமா எல்லாருக்கும் சாதாரணக் கணக்கு. உங்களுக்கும் அன்றாடத்துக்கு அதேதான். நீலப்பெட்டி வந்தா "யெஸ்" மட்டும் அழுத்தி வேலைக்காகாது, பாஸ்வேர்டு கேட்கும். அப்போ வீட்டில் ஒரு பேச்சு நடக்கும் பாருங்க, அதுக்கு எந்த ஆன்டிவைரஸும் ஈடாகாது.

பனங்கொட்டை | ஜோஹனஸ்பர்க் | சனி மாலை 3:05

இன்னொண்டு. இப்ப புதுசா ஒரு விளையாட்டு நடக்குது. "நீங்கள் மனிதர்தானா?" எண்டு ஒரு பக்கம் வரும். விண்டோஸ் பொத்தானையும் ஆர் (R) எழுத்தையும் சேர்த்து அமத்து, பிறகு கன்ட்ரோல் வீ, பிறகு என்டர் எண்டு சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையைக் களவா காப்பி பண்ணி வைச்சிருக்கும், நீங்கள் அதை உங்கட கையாலயே ஓட விடுறியள். உண்மையான எந்தச் சோதனையும் கீபோர்டில இப்பிடி அமத்தச் சொல்லாது. வீட்டில வயசான ஆக்களுக்குச் செய்து காட்டி விளங்கப்படுத்துங்கோ.

கொய்யாமரம் | சாட்ஸ்வொர்த் | ஞாயிறு மாலை 5:50

திருப்புளி அண்ணன் கடையில் போட்டாச்சு. மூணு மணி நேரம், ரெண்டு பன்னி சௌ. ஆளுக்கொரு கணக்கு. வெளி டிஸ்க் ஒண்ணு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொருகிக் காப்பி எடுத்துட்டுக் கழட்டி அலமாரியில் வைக்கிறது பையன் பொறுப்பு.

மாமாவுக்கு ஒரு கேள்வி. இப்போ தமிழ் டைப் பண்ண என்ன செய்யறது? தேடவே பயப்படுறார்.

கரும்புத்தோட்டம் | டொங்காட் | ஞாயிறு மாலை 6:12

எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸிலேயே இருக்கிறது. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ், அங்கே தமிழைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒலிப்பு முறை விசைப்பலகையும் உண்டு, "அம்மா" என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும். மாற்றுவதற்கு விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸ் பாரும்.

கொய்யாமரம் | சாட்ஸ்வொர்த் | ஞாயிறு இரவு 7:33

கீழே இருக்கிறது மாமாவே அடிச்சது, பையன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான்:

அனைவருக்கும் வணக்கம். நொட்டீஸ் நாளை வரும். பேரனிடம் மன்னிப்பு கேட்டு விட்டேன்.